தொடையில் இரண்டு, கண்ணோரம் ஒன்று



எனது இடது தொடையில் இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டு மாசி மாதத்தில், வன்னியில் ஒரு பின்னேரப் பொழுதில் விழுந்த ஷெல்லின் துண்டுகள் அவை. அப்போது இரண்டு வயதான மகள் எனது வலது இடுப்பில் இருந்தாள். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. காயத்துக்கு மருந்து கட்டிய வைத்தியர், “எலும்பிலையும் இல்லை, பெரிய நரம்பிலையும் இல்லை. வெட்டி எடுக்கப் போனால்தான் கூடச் சேதம் வரும். கிடக்கட்டும் அக்கா” என்றார். கிடக்கிறது. மாரி காலத்தில் உளையும். மற்றப்படி அதை மறந்தே பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

தையல் மெஷினை நம்பிச் சீவிப்பவள் நான். சென்ற வருடம் நாரி நோவு தொடங்கி, பிறகு ஒரு கால் விறைத்து, மெஷினை மிதிக்க முடியாத நிலை வந்துவிட்டது. கிளினிக்கில் பார்த்த வைத்தியர், முள்ளந்தண்டை எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்து பார்க்கவேண்டும் என்று துண்டு எழுதித் தந்தார். தூரத்தில் உள்ள ஒரு வைத்தியசாலைக்கு விடிய நாலு மணி பஸ் பிடித்துப் போனேன். அங்கே ஒரு படிவம் தந்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. மேசையில் இருந்தவர் எனக்காகத் தானே நிரப்பினார். இடையில் தலையை நிமிர்த்தாமலே, “உடம்புக்குள்ள இரும்பு கிரும்பு ஒண்டும் இல்லைத்தானே?” என்று கேட்டார்.

“இல்லை” என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களில் பலருக்கு விளங்கும். காயம் என்றால் எங்கே பட்டது, எப்போது பட்டது, அந்த நேரம் யாரோடு நின்றாய் என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். அப்படிக் கேட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. காலம் மாறினாலும் நாக்கு பழைய பழக்கத்தை விடுவதில்லை. நான் அந்தக் காயத்தைச் சீலையால் மூடியது போதாதென்று வாயாலும் மூடிப் பழகிவிட்டேன்.

உடுப்பு மாற்றும் அறை வாசலில் படம் எடுக்கும் பிள்ளை வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். சிங்களப் பிள்ளை, தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் பிடித்துப் பேசினாள். எனது முகத்தையே பார்த்தாள். “அம்மா, கண் மேல என்ன காயம்?” என்று கேட்டாள். வலது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. தொடைக் காயம் பட்ட அன்றே அதுவும் பட்டது. நுளம்பு கடித்த அளவு. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. நான் பேசாமல் நின்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, “நான் பொலிஸ் இல்ல அம்மா. உள்ள பெரிய காந்தம் இருக்கு. அதுக்காகத்தான் கேக்கிறன்” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

எம்.ஆர்.ஐ. மெஷினில் எக்ஸ்ரே இல்லை. அது மிகப் பலமான காந்தத்தால் வேலை செய்கிறது. அந்தக் காந்தம் இரவு பகல் எந்நேரமும் உயிரோடுதான் இருக்கும். சதைக்குள் பல வருடம் கிடந்து தழும்பு மூடிய துண்டு பெரும்பாலும் அசையாது. ஆனால் கண், மூளை, பெரிய இரத்தக் குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் கதை வேறு. கண்ணுக்குள் கிடந்த சிறு இரும்புத் துணுக்கு காந்தத்தால் அசைந்து பார்வை பறிபோன சம்பவம் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளை என்னை முதலில் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினாள். தொடைக்கு ஒரு படம், முகத்துக்கு ஒரு படம். சில நிமிட வேலை.

தொடையில் இரண்டு வெள்ளைத் துண்டுகள், நான் அறிந்தவைதான். முகப் படத்தில் வலது கண்குழியின் ஓரத்தில் எள்ளளவு வெள்ளைப் புள்ளி ஒன்று. அது இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது.

எம்.ஆர்.ஐ. நிறுத்தப்பட்டது.

மனைவியின் கையில் தொடங்கிய படம்

வீட்டுக்கு வந்து படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து மகளுக்குக் காட்டினேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பவள். எலும்பு ஏன் வெள்ளை, சதை ஏன் கறுப்பு, இரும்பு ஏன் எலும்பையும் விட வெள்ளை என்று கேட்டேன். அவள் சொன்னது இது: எக்ஸ்ரே என்பதும் ஒரு வகை ஒளிதான், ஆனால் எமது கண்ணுக்குத் தெரியாதது. சதையை அது இலகுவாகக் கடந்து போகும். கல்சியம் நிறைந்த எலும்பு அதில் நிறையப் பங்கை மறித்துவிடும். இரும்பு அதையும் விட மறிக்கும். மறித்த இடத்தில் படம் வெளுத்திருக்கும், கடந்து போன இடத்தில் கறுக்கும். சொல்லப் போனால் அது எமது உடலின் நிழல்.

இதனைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரப் பேராசிரியர் வில்ஹெல்ம் றொன்ட்ஜன். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, இருட்டறையில், கறுத்த மட்டையால் மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்திப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி இருந்த, இரசாயனம் பூசிய திரை ஒன்று தானாகவே மினுங்கியது. மட்டையைக் கடந்து ஏதோ போகிறது என்று அவருக்கு விளங்கியது. என்னவென்று தெரியாதபடியால், கணக்கில் தெரியாத இலக்கத்துக்குப் போடுவதுபோல ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். டிசெம்பர் 22ஆம் திகதி மனைவி அன்னா பேர்த்தாவை அழைத்து அவரது கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் ஒரு விரலில் மோதிரமும் தெரிந்தன. தனது சாவையே கண்டுவிட்டதாக அந்த அம்மா சொன்னாராம். உயிரோடு இருக்கும்போதே தனது எலும்பைப் பார்த்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது!

பௌதிகவியலுக்கான முதலாவது நொபெல் பரிசு 1901இல் றொன்ட்ஜனுக்குக் கிடைத்தது. அவர் இந்தக் கண்டுபிடிப்புக்கு காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பெரும் செல்வந்தராகியிருப்பார். பரிசுப் பணத்தையும் தனது பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

போர்முனைக்குப் போன எக்ஸ்ரே வண்டி

மகள் நூலகத்தில் இருந்து எடுத்து வந்து வாசித்துக் காட்டியவற்றில் என் மனதில் ஒட்டிக்கொண்டது மேரி கியூரி அம்மையாரின் கதைதான். றேடியம் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1903இலும் 1911இலும் நொபெல் பரிசு பெற்றவர். 1906இல் கணவர் பியர் பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் அகப்பட்டு இறந்தபோது மேரிக்கு 38 வயது. மூத்தவள் ஐரீனுக்கு எட்டு வயது, இளையவள் ஈவுக்கு ஒன்றரை வயதும் நிரம்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளுடன் தனித்து நின்ற தாய்.

1914 ஜூலையில் முதலாம் உலகப் போர் தொடங்கியது. அந்தப் போரிலும் ஷெல்தான் பெரிய எமன். குண்டுச் சிதறல்கள் உடம்பெங்கும் ஏறிய நிலையில் ஆயிரக்கணக்கானோர் கள வைத்தியசாலைகளில் கிடந்தார்கள். துண்டு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் காயத்தைத் துழாவினார்கள். எக்ஸ்ரே கண்டுபிடித்துப் பத்தொன்பது வருடமாகியும், மெஷின்கள் பெரிய நகரங்களில் இருந்தன, காயக்காரர் சேற்றிலும் வைக்கோலிலும் கிடந்தார்கள்.

காயக்காரர் மெஷினிடம் வர முடியாவிட்டால் மெஷின் அவர்களிடம் போகட்டும் என்பதே மேரி எடுத்த முடிவு. மோட்டார் வண்டி ஒன்றில் எக்ஸ்ரே மெஷினையும் இருட்டறைச் சாமான்களையும் ஏற்றினார். கிராமத்து வைத்தியசாலைகளில் கரன்ட் இல்லையே என்றால், வண்டியின் என்ஜினே டைனமோவைச் சுற்றி மின்சாரம் தந்தது. முதலாவது வண்டிக்குப் பணம் கொடுத்தது பிரான்சிய மகளிர் சங்கம் ஒன்று. பிறகு வசதி படைத்த பெண்களின் வீட்டு வாசலுக்குப் போய் அவர்களுடைய கார்களைக் கேட்டு வாங்கினார். தனது நொபெல் தங்கப் பதக்கங்களையும் உருக்கக் கொண்டுபோய்க் கொடுத்தார், வங்கிதான் அதனை ஏற்க மறுத்துவிட்டது. இப்படியாக ஏறத்தாழ 20 வண்டிகள் ஆயத்தமாகின. படையினர் அவற்றைச் ‘சின்னக் கியூரிகள்’ என்று அழைத்தார்கள். இவற்றைவிட, வைத்தியசாலைகளில் 200 வரையான எக்ஸ்ரே அறைகளும் அவரது முயற்சியால் அமைந்தன.

வண்டி வந்து நின்றதும் ஒரு அறையின் யன்னல்களுக்குக் கறுத்த சீலை கட்டுவார்கள். வெளியில் என்ஜின் ஓடும், வயர் யன்னலால் உள்ளே வரும். சுமார் அரை மணித்தியாலத்தில் எல்லாம் ஆயத்தம். பிறகு காயக்காரர் ஒவ்வொருவராக. மேரி தானே கார் ஓட்டப் பழகினார், 1916இல் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தார். காற்றுப் போன ரயரை மாற்றுவார், என்ஜினில் அடைத்த ஊத்தையைத் துப்புரவு செய்வார். 1915இல் வண்டி ஒருமுறை கானுக்குள் புரண்டு, பெட்டிகள் எல்லாம் அவருக்கு மேலே விழுந்தன. வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் அவர் மூச்சுக்கூட விடவில்லை. இந்த இடத்தை வாசித்தபோது மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் என்ன செய்ய, தாய்மார் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

மூத்த மகள் ஐரீன் தாயோடு சேர்ந்தபோது வயது 17. பதினெட்டு வயதில் பெல்ஜியத்தில் போர்முனைக்கு அருகே ஹூக்ஸ்டாட் என்னும் இடத்து வைத்தியசாலையில் எக்ஸ்ரே வேலையைத் தனித்துப் பொறுப்பெடுத்தாள். அவள் செய்த வேலை வெறுமனே படம் எடுப்பது மட்டுமல்ல. ஒரு படத்தைப் பார்த்தால் துண்டு காலின் எந்த இடத்தில் என்று தெரியும், எவ்வளவு ஆழத்தில் என்று தெரியாது. அதனைக் கண்டுபிடிக்க ஒரு சுகமான வழி இருந்தது. நீங்களும் இரவில் குப்பி விளக்கை வைத்துச் செய்து பார்க்கலாம். விரலைச் சுவருக்கு மிகக் கிட்டப் பிடித்துக்கொண்டு விளக்கைச் சற்று நகர்த்துங்கள். நிழல் கொஞ்சம்தான் நகரும். விரலைச் சுவரில் இருந்து விலக்கிப் பிடித்து, விளக்கை அதே அளவு நகர்த்துங்கள். இப்போது நிழல் கூட நகரும். அதேபோல எக்ஸ்ரே குழாயை ஒரு அளவு நகர்த்தி இரண்டு படம் எடுத்தால், துண்டின் நிழல் நகர்ந்த தூரத்தைக் கொண்டு அதன் ஆழத்தைக் கணக்கிடலாம். வைத்தியர் துழாவத் தேவையில்லை, நேரே அந்த இடத்தில் கத்தியை வைக்கலாம்.

மெஷின் கூடக்கூட ஆட்கள் போதவில்லை. 1916 முதல் மேரியும் ஐரீனும் பாரிசில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். மின்சாரம், கணிதம், உடலமைப்பு, படம் கழுவுதல் எல்லாம் கற்பித்து 150 பேர் வரை போர்முனைக்கு அனுப்பினார்கள். அவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அந்தப் போர்க்காலத்தில் பிரான்சில் பத்து லட்சத்துக்கும் அதிகமான எக்ஸ்ரே பரிசோதனைகள் நடந்ததாகக் கணிக்கிறார்கள். எனது தொடையைப் போன்ற எத்தனை தொடைகள்!

கதிர் கேட்ட விலை

இதிலே ஒரு துக்கமும் இருக்கிறது. எக்ஸ்ரே கூடுதலாகப் பட்டால் உடலுக்குக் கூடாது என்பதை முதலில் படம் எடுத்தவர்கள்தான் தமது உடம்பால் அறிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, தினமும் தனது கையையே மெஷினுக்குள் நீட்டிப் பரிசோதித்தவர். கை புண்ணாகி, புற்றுநோயாகி, வெட்டி எடுத்தும் தப்பாமல் 1904இல் இறந்தார். எடிசன் அதற்குப் பிறகு எக்ஸ்ரே என்றாலே ஒதுங்கிவிட்டார். இப்படி உயிரிழந்தோரின் பெயர்கள் பொறித்த நினைவுத் தூண் ஒன்று 1936இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் எழுப்பப்பட்டது.

மேரி கியூரி 1934இல் இரத்தம் ஊறாத நோயினால் காலமானார். நீண்ட காலமாக றேடியத்தையே எல்லோரும் குற்றம் சொன்னார்கள். 1995இல் அவரது உடலை பாரிசின் பந்தியோன் மண்டபத்துக்கு மாற்றியபோது பரிசோதித்தவர்கள், றேடியத்தை விட, போர்க்காலத்தில் போதிய பாதுகாப்பின்றி எடுத்த எக்ஸ்ரேக்களே காரணமாக இருக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தார்கள். ஐரீனும் 1935இல் நொபெல் பரிசு பெற்றார், 1956இல் இரத்தப் புற்றுநோயினால் இறந்தார்.

அதே 1956இல் இங்கிலாந்தில் அலிஸ் ஸ்டுவார்ட் என்ற பெண் வைத்தியர் ஒரு செய்தியை வெளியிட்டார். பிள்ளைகளுக்கு ஏன் புற்றுநோய் வருகிறது என்று ஆராய்ந்தவர் அவர். மற்றவர்கள் வைத்தியசாலைப் பதிவுகளைப் புரட்டியபோது, இவர் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரிடம் கேள்விக்கொத்து அனுப்பிக் கேட்டார். தாய்க்கு ஞாபகம் இருக்கும் என்பது அவரது நம்பிக்கை. பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது, வயிற்றில் பிள்ளை இருக்கையில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்த நோய் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. வைத்திய உலகம் இதனை ஏற்றுக்கொள்ளப் பல வருடங்கள் எடுத்தது. இன்று எக்ஸ்ரே அறை வாசலில் “பிள்ளை தங்கியிருக்கிறதா?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் அந்தத் தாய்மாரின் பதில்கள் இருக்கின்றன. மாதவிலக்கு ஒரு நாள் பிந்தியிருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இதற்காக எக்ஸ்ரே என்றதும் பயந்து ஓடவும் வேண்டாம். மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் எல்லோர் மீதும் கொஞ்சம் கதிர் எப்போதும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இன்றைய மெஷினில் நெஞ்சுப் படம் ஒன்று எடுப்பது, அப்படிப் பத்து நாட்களில் தானாகவே படுகின்ற அளவுதான். சி.ரி. ஸ்கான் என்றால் அதைவிடப் பல மடங்கு. வயிற்று ஸ்கான் ஒன்று சில வருடங்களின் அளவுக்கு வரும். ஆகவே தேவைக்கு எடுக்கவேண்டும். பழைய படங்களை எறியாமல் கொண்டுபோய்க் காட்டினால், திரும்ப எடுக்காமலும் தப்பலாம்.

எனக்கு எடுத்த ஸ்கான்

எனக்கும் கடைசியில் சி.ரி. ஸ்கான்தான் எடுத்தார்கள். அது எக்ஸ்ரேயின் பேரப்பிள்ளை. குழாய் உடம்பைச் சுற்றிவர ஓடி எல்லாப் பக்கத்தாலும் படம் எடுக்க, கம்பியூட்டர் அவற்றைச் சேர்த்து, பாணைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுவதுபோல உடம்பைக் காட்டுகிறது. அதனை ஆக்கியவர் இங்கிலாந்துப் பொறியியலாளர் கோட்பிரே ஹவுன்ஸ்பீல்ட். அவர் வைத்தியரும் அல்லர், கலாநிதிப் பட்டம் பெற்றவரும் அல்லர். பாட்டு இசைத்தட்டு வெளியிட்ட ஈ.எம்.ஐ. கொம்பனியில் வேலை செய்தவர். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் வைத்தியசாலை ஒன்றில் முதன்முதலாக அந்த ஸ்கானுக்குள் போன நோயாளி ஒரு பெண். அவரது மூளையில் இருந்த கட்டி படத்தில் தெரிந்தது. 1979இல், இதற்கான கணக்கைத் தனியாகச் செய்திருந்த அலன் கோர்மக்குடன் சேர்த்து ஹவுன்ஸ்பீல்டுக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

மார்பகப் புற்றுநோயைப் பார்க்கும் மமோகிராம் பற்றியும் ஒரு சொல். அதுவும் எக்ஸ்ரேதான். 1913இல் பேர்லினில் அல்பேட் சலமன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், வெட்டி எடுத்த 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, புற்றுநோய்க் கட்டி படத்தில் எப்படித் தெரியும் என்று எழுதிவைத்தார். அவர் யூதர். நாசிகள் அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள், பிறகு நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. அவர் தொடக்கிய வேலையை வேறு நாட்டவர்கள்தான் முடித்தார்கள்.

எனது ஸ்கானில் நாரிப் பகுதியில் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை ஒன்று பிதுங்கி நரம்பை நெரிப்பது தெரிந்தது. வெட்டத் தேவையில்லை என்றார்கள். சில பயிற்சிகள் சொல்லித் தந்தார்கள். கதிரையை உயர்த்தி, அரை மணிக்கு ஒருமுறை எழும்பி நடந்து, இப்போது மறுபடி தைக்கிறேன். கண்ணோரத் துண்டைக் கண் வைத்தியர் பார்த்தார். கண்ணுக்கு வெளியேதான் இருக்கிறது, தொடத் தேவையில்லை என்றார். ஆனால் மூட்டுக்குள் ஈயத் துண்டு கிடப்பவர்கள் கட்டாயம் காட்டவேண்டுமாம். மூட்டு நீரில் ஈயம் கரைந்து இரத்தத்தில் சேருமாம்.

மகள் ஒரு சின்ன மட்டையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதித் தந்திருக்கிறாள்: “உடலில் உலோகத் துண்டுகள் உள்ளன. இடது தொடையில் 2, வலது கண்ணோரத்தில் 1. எம்.ஆர்.ஐ. எடுக்க முன் கவனிக்கவும்.” அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீனில் போட்டு வைத்திருக்கிறேன். போன கிழமை எமது ஒழுங்கையில் மூன்று பேர் வந்து தங்களுக்கும் அப்படியொன்று எழுதித் தரும்படி மகளைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏழு துண்டுகள். ஒரே மட்டையில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினாள்.